பூமி எப்போது செத்தது?

பெய்ஷுவான் மேடம்,
குக்கரை இனி முகர்ந்து பார்க்க வேண்டாம்.
அது முடிந்துவிட்டது.
உங்கள் தைவானில் நூற்றுப்பத்து வோல்ட்.
எங்கள் மத்திகிரியில் இருநூற்று முப்பது என்று பேச்சு;
சாயங்காலம் ஏழு மணிக்கு நூற்றெண்பது,
ஊர் தூங்கின பிறகு
கேட்பாரில்லாமல் இருநூற்றைம்பது.
விமான நிலையத்தில் வாங்கின அந்த அடாப்டர்
முள்ளை மட்டும்தான் மாற்றும்.
செருப்பை மாற்றினால் வெயில் குறையுமா?

லேப்டாப் செருகலாம். போன் செருகலாம்.
சார்ஜர் முதுகில் எறும்பு எழுத்தில்
நூறு முதல் இருநூற்று நாற்பது வரை என்றிருந்தால்
அது எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும்.
தலைமுடி காயவைக்கிற மிஷின் அப்படியில்லை,
பெட்டியிலேயே இருக்கட்டும்.
ஓசூர்க் காற்று சும்மாவே காயவைக்கும்,
மார்கழி தவிர.

தண்ணீர்.
நீங்கள் எல்லாவற்றையும் கொதிக்கவைக்கிறீர்கள், பார்த்தேன்.
கிருமி சாகும். ஃப்ளோரைடு சாகாது,
கொதிக்கக் கொதிக்க இன்னும் ஏறும்.
ஆயிரத்து நூறு அடி போர், மேடம்,
கல்லைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது.
ஆர்.ஓ. வையுங்கள்.
கீசரை வருஷத்துக்கு இரண்டு தரம் பிரித்துக் கழுவ வேண்டும்;
முன்பு குடியிருந்தவர் காலத்தில் உள்ளிருந்து
முக்கால் கிலோ சுண்ணாம்பு அள்ளினேன்,
வெற்றிலைக்கு ஆகாது.

இப்போது குழாய்.
குளியலறைக் குழாயைத் தொட்டால்
விரலில் சுருக்கென்கிறது என்று
கையை உதறிக் காட்டினீர்களே, அது விளையாட்டில்லை.
டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:
எர்த் செத்துப்போச்சு.
நீங்கள் நீட்டிய போன் அதை வாங்கி
உங்கள் பாஷையில் ஏதோ சொன்னது.
முகம் வெளுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து,
மெதுவாக ஒரு கேள்வியைத் தட்டி
என் பக்கம் திருப்பினீர்கள்:
"பூமி எப்போது செத்தது?"

போன கோடையில் இருக்கும், மேடம், என்றேன்.
ஓனர் தண்ணீரே ஊற்றியிருக்க மாட்டார்.

அதற்கும் போன் ஏதோ சொன்னது.
நீங்கள் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

பிறகுதான் பின்பக்கம் கூட்டிப்போனேன்.
பப்பாளிக்கு அடியில் சிமெண்ட் மூடி.
தூக்கினால் ஒரு குழாய், கரி, உப்பு,
வெடித்த மண், ஒரு மரவட்டை.
நாலு வாளி ஊற்றியதும்
புஸ்ஸென்று மூச்சு விட்டது குழி.
ஃபேஸுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லாம்ப் பிடித்தேன்.
எரிந்தது. கைதட்டினீர்கள்.
பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன்.
பொம்பளைக்கு வயரிங் தெரியுமா என்று
கேட்டவர்கள் உண்டு,
கைதட்டினவர் கிடையாது.

ஆகவே ஞாயிறுக்கு ஒரு வாளி.
ஆர்.ஓ. கழித்துவிடும் உப்புத் தண்ணீரே போதும்,
நாக்கு வேண்டாமென்றது அந்த மண்ணுக்கு ருசி.
பக்கத்து வீட்டார் இது என்ன பூஜை என்பார்கள்.
தலையாட்டி வையுங்கள்.

அதோடு விடக்கூடாது. ஆர்.சி.சி.பி. ஒன்று போட வேண்டும்.
முப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு என்பார்
ஓனர் நாகபூஷணம்.
வீடு கட்டியே பன்னிரண்டு வருஷம்.
விடாதீர்கள். அவர் போடும்வரை
கீசரை அணைத்துவிட்டுக் குளியுங்கள்.

இந்தத் தாளைப் போனுக்குக் காட்ட வேண்டாம்,
கம்பெனியில் தமிழ் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள்.

கூலி அறுநூறு. கரி, உப்பு தொண்ணூறு.
குக்கரைப் பார்த்ததற்குக் காசு வேண்டாம்.
அம்மா கொடுத்தது என்றீர்கள்.
உள்பாத்திரத்தை மட்டும் கழற்றித் துடைத்து
மேடைமேல் வைத்திருக்கிறேன்;
நல்ல கனமான அலுமினியம்.
நம் கேஸ் அடுப்பில் ஏறும்.
தீயைச் சிறுசாக வையுங்கள்.

ரூபகலா, வயர்மேன்
(லைசென்ஸில் அப்படித்தான் இருக்கிறது)